உடனடிப் பணத்துக்கு வீடு வாங்கும் நிறுவனங்கள்: கடன் தீர்க்க விற்பவருக்கு எவ்வளவு மிஞ்சும்?

கடனை அடைத்துவிட்டு, பிடிக்காத வேலையையும் விட நினைப்பவருக்கு வீட்டை உடனடிப் பணத்துக்கு வாங்கும் இந்த நிறுவனங்களின் பலம் வேகம். வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பழுது பார்த்தும் தர வேண்டாம். ஆனால் பழுதுச் செலவு, மறுவிற்பனைச் செலவு, தங்கள் லாபம் மூன்றையும் கழித்துத்தான் விலை சொல்வார்கள். அவசரம் இல்லாதவருக்கு இது நஷ்டம்.

விலை பேசும் முன் வங்கியிடம் கடன் முடிப்புக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். அசல் பாக்கியை மட்டும் பார்த்தால் போதாது. முடிக்கும் நாள் வரையிலான வட்டி, அபராத வட்டி, சில கடன்களில் முன்கூட்டி அடைக்கும் கட்டணமும் சேரும். விற்பனைப் பதிவு தள்ளிப்போனால் தொகை ஏறும். விற்கும் விலையில் இந்தத் தொகையும் வரியும் வழக்கறிஞர் கட்டணமும் போக மிஞ்சுவதை, வாடகை சேர்த்த மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். சம்பளமில்லாமல் எத்தனை மாதம் ஓடும் என்பது அதுதான்.

பலர் சிக்குவது கடைசி நேர விலைக்குறைப்பில். நிறுவனம் வீட்டை ஆய்வு செய்த பிறகு விலையைத் திருத்தலாம் என்ற ஷரத்து இருந்தால், ஆய்வு முடிந்த பிறகே கையெழுத்திடுங்கள். கடன் தொகையை நேரடியாக வங்கிக்குக் கட்டி அடமானத்தை நீக்கித் தரும் நிறுவனமே மேல். வாடகை வீட்டையும் வேலையில் இருக்கும்போதே பிடித்துவிடுங்கள். சம்பளச் சீட்டு கேட்பார்கள்.