முன்பல்லுக்குக் கார்பன் போஸ்ட் வைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பாலக்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறை ஏறிய தலைமுறை. பல்லைப் பற்றிய கூச்சம் எங்களுக்குச் சிறு வயதிலேயே வந்துவிடும். அந்தக் கூச்சத்தைத்தான் 2019-இல் தருமபுரியில் ஒரு தனியார் பல் மருத்துவமனை காசாக்கிக்கொண்டது.

மேல் முன்பல் பாதி உடைந்து போயிருந்தது. வேர் சிகிச்சை முடிந்ததும், "வேருக்குள் கார்பன் போஸ்ட் வைத்துக் கேப் போட்டுவிடலாம். விமானத்துக்குப் பயன்படுத்தும் பொருள், ஆயுளுக்கும் அசையாது" என்றார் மருத்துவர். போஸ்ட் என்பது கேப்பைத் தாங்க வேருக்குள் செருகும், கார்பன் இழையால் ஆன சின்னக் குச்சி. அதற்கு மட்டும் 4,500 ரூபாய். நம்பிக் கொடுத்தேன்.

சில மாதங்களிலேயே ஈறோரம் கறுப்பாக நிழலடித்தது. கார்பன் இழை கறுப்பு நிறம். மெல்லிய செராமிக் கேப் வழியாக அது தெரியும். வெள்ளையான கண்ணாடியிழைப் போஸ்ட் அப்போதே பரவலாகக் கிடைத்தது. முன்பல்லுக்கு ஏன் கறுப்பை வைத்தார் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

2022-இல் கேப் லேசாக ஆடியது. போனேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை, கழற்றி, பசை வைத்து ஒட்டி, 800 ரூபாய் வாங்கினார். எட்டு மாதம் கழித்து மறுபடி ஆட்டம், மறுபடி 800. மூன்றாவது முறை வாயில் துர்நாற்றமே வந்துவிட்டது. "சரியாகத் துலக்குங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

சேலத்தில் வேறொரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். போஸ்ட் பல்லுக்குப் பலம் கொடுப்பதில்லையாம். மேலே கட்டும் பகுதியைப் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. ஈறுக்கு மேலே சொந்தப் பல் சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டராவது மிஞ்சியிருந்து, அதைக் கேப் கவ்வ வேண்டும். எனக்கு ஒரு பக்கம் அது அறவே இல்லை. கார்பன் போஸ்ட் உலோகத்தைவிட வளைந்து கொடுப்பதால் வேர் பிளப்பது குறைவு என்பது உண்மைதான். ஆனால் வளையும்போது பசை விட்டுப்போகிறது, இடுக்கில் எச்சில் இறங்குகிறது, உள்ளே சொத்தை பரவுகிறது. முதல் ஆட்டத்திலேயே பிரித்துப் பார்த்திருந்தால் வேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். 2024-இல் பல்லைப் பிடுங்கினார்கள்.

பிறகு நானே தேடிப் படித்தேன். சுவீடனில் 236 பேருக்கு வைத்த கார்பன் போஸ்டுகளை 2, 3 ஆண்டுகள் கழித்துப் பார்த்து 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய எல்லாமே நன்றாக இருந்தன. அதே நாட்டில் 2006-இல் வெளிவந்த ஆய்வில் 99 பற்கள், சராசரி 6.7 ஆண்டுகளில் நிலைத்தவை 65 சதவீதம் மட்டுமே. ஆக, எனக்கு ஆயுள் வாக்குக் கொடுத்தபோது இந்த 65 சதவீதக் கணக்கு வெளியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. போஸ்ட் விழுந்ததற்காக நான் கோபப்படவில்லை. தெரிந்தே மறைத்ததும், இரண்டு முறை எக்ஸ்ரே பார்க்காமல் ஒட்டியதும்தான் மோசடி.

போஸ்ட் என்று யாராவது சொன்னால், ஈறுக்கு மேல் எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். என்ன பொருள், என்ன நிறம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். கேப் துளி ஆடினாலும் எக்ஸ்ரே இல்லாமல் ஒட்ட விடாதீர்கள். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. குறை நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

நானும் கொடுத்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் நான்கு ரசீதிலும் 'பல் சிகிச்சை' என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன. வைத்தது கார்பன் போஸ்ட்தான் என்று காட்ட, பிடுங்கிய பல்லோடு வந்த அந்தக் கறுப்புத் துண்டைச் சேலத்து மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.