லாஸ் வேகஸ் கேசினோ ரிவார்ட்ஸ் ஆஃபர்: கிளம்புவதற்கு முன் விதிகளைக் கேட்டு வாங்குங்கள்

கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து பெற்றோரோ உறவினரோ வந்தால், கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் பலரும் கிராண்ட் கேன்யன் போகும் வழியில் லாஸ் வேகஸில் தங்குவோம். அப்படிப் போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஸ்ட்ரிப்பில் (கேசினோக்கள் வரிசையாக இருக்கும் அந்த ஊரின் முக்கியச் சாலை) உள்ள ஒரு பெரிய கேசினோ ஹோட்டல் எங்களை நடத்திய விதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

என் கணவர் ஒருமுறை அலுவலக மாநாட்டுக்காக அங்கே தங்கியபோது ரிவார்ட்ஸ் கார்டு (ஆடும் பணத்துக்கு ஏற்பப் பாயிண்ட் சேரும் வாடிக்கையாளர் அட்டை) போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு மெயில் மேல் மெயில். கடைசியாக வந்ததில் மூன்று இரவு அறை இலவசம், 200 டாலர் ஃப்ரீ பிளே (மெஷினில் ஆட மட்டும் தரும் தொகை), 100 டாலர் உணவு கிரெடிட், ஸ்லாட் மெஷினில் ஐந்து மடங்கு பாயிண்ட் என்று இருந்தது. கோவையிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்த நேரம். நான் அவர்களுடைய நம்பருக்கு போன் செய்து, உணவு கிரெடிட்டை நாங்கள் நான்கு பேரும் பயன்படுத்தலாமா, எந்த உணவகத்தில் செல்லும் என்று கேட்டேன். “உள்ளே இருக்கும் எந்த உணவகத்திலும் பயன்படுத்தலாம்” என்றார் அந்தப் பெண். அந்த வார்த்தையை நம்பித்தான் அறையை பதிவு செய்தோம்.

செக்-இன் கவுண்ட்டரில் முதல் விஷயம் ரிசார்ட் ஃபீ, அதாவது அறை வாடகைக்கு மேல் ஹோட்டல் வசூலிக்கும் கட்டாயக் கட்டணம். அறை வாடகைதான் இலவசம், ரிசார்ட் ஃபீ தனி என்றார்கள். ஸ்ட்ரிப்பில் இது பொதுவாக ஓர் இரவுக்கு 50 டாலரை ஒட்டி வரும், அதன் மேல் 13 சதவீதத்துக்கும் அதிகமாக வரி. மூன்று இரவுக்குக் கூட்டிப் பாருங்கள். விளம்பரத்திலேயே கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் அந்த விதி கட்டணத்தை ஒழிக்கவில்லை, காட்டச் சொல்கிறது, அவ்வளவுதான். ரிவார்ட்ஸ் திட்டத்தில் மேல்நிலையில் இருப்பவர்களுக்குத் தள்ளுபடி செய்வார்கள். நம்மைப் போல எப்போதாவது போகிறவர்கள் கட்டியே ஆக வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. 100 டாலர் கிரெடிட் இரண்டே இரண்டு உணவகங்களில்தான் செல்லும், அதுவும் இரவு உணவுக்கு மட்டும், ஒரே பில்லில் முழுவதையும் பயன்படுத்த வேண்டும், மீதி திரும்ப வராது, வரியும் டிப்ஸும் இதில் சேராது. அந்த இரண்டில் ஒன்று ஸ்டேக் ஹவுஸ். சித்தி சுத்த சைவம், சித்தப்பா மாட்டிறைச்சி இருக்கும் இடத்தில் உட்காரவே மாட்டார். இன்னொன்று நாங்கள் தங்கிய நாட்களில் மூடியிருந்தது. நான் போனில் கேட்டதைச் சொன்னேன், தேதியும் நேரமும் சொன்னேன். மேற்பார்வையாளர் வந்தார். “மேடம், போனில் யார் என்ன சொல்லியிருந்தாலும் ரிவார்ட்ஸ் டெஸ்கில் இருக்கும் எழுத்து விதிகள்தான் இறுதி” என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். ஆஃபர் மெயிலில் இல்லாத அத்தனையும் அந்தத் தாளில் இருந்தது. கடைசி வரி: நிர்வாகம் இந்தச் சலுகையை எப்போது வேண்டுமானாலும், முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றலாம், ரத்து செய்யலாம். இந்த வரி அந்த ஊரில் கிட்டத்தட்ட எல்லா ஆஃபரிலும் இருக்கும். ஒரு குடும்பம் போன் செய்து கேட்டு, அதை நம்பி வந்து நிற்கும்போது இப்படி ஒரு தாளைக் காட்டுவது நேர்மையற்ற செயல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃப்ரீ பிளே 200 டாலரையும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முதல் பாதி வந்த அன்று. இரண்டாவது பாதி, நாங்கள் அறையைக் காலி செய்யும் நாளில் மதியத்துக்கு மேல்தான் கியாஸ்கில் (கார்டைச் செருகிச் சலுகையைப் பெறும் தானியங்கித் திரை) கிடைக்கும். அறையைக் காலி செய்த பிறகும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நம்மைச் சில மணி நேரம் நிறுத்தி வைக்கத்தான் இந்த நேரக் கணக்கு. ஃப்ரீ பிளேயைப் பணமாக எடுக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெஷினில் ஒருமுறையாவது முழுவதையும் ஆடித் தீர்க்க வேண்டும், அதில் ஜெயித்தது மட்டும்தான் கைக்கு வரும். மேசை ஆட்டத்துக்குத் தரும் மேட்ச் பிளே கூப்பன் இன்னும் மோசம். 25 டாலர் கூப்பன் என்றால் கூடவே உங்கள் சொந்தப் பணம் 25 டாலர் வைக்க வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் கூப்பன் அவர்களிடம் போய்விடும். அதன் உண்மையான மதிப்பு எழுதியிருப்பதில் பாதிகூட வராது.

இனி பாயிண்ட் விஷயம். இதைத்தான் நிறையப் பேர் சரியாகக் கணக்குப் பார்ப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய திட்டங்கள் சிலவற்றில் இருக்கும் கணக்கு இது: ஸ்லாட்டில் 5 டாலர் பந்தயம் வைத்தால் 1 பாயிண்ட், 100 பாயிண்ட்டுக்கு 1 டாலர் மதிப்பு. அதாவது 500 டாலருக்குப் பந்தயம் வைத்தால் 1 டாலர் திரும்பி வரும். ஒரு சென்ட் ஸ்லாட் மெஷின்கள் ஸ்ட்ரிப்பில் பந்தயத் தொகையில் சராசரியாக 10 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கின்றன. அப்படியானால் அந்த 500 டாலர் பந்தயத்தில் சராசரி நஷ்டம் 50 டாலர். ‘ஐந்து மடங்கு பாயிண்ட்’ நாளில் ஆடினால் அந்த 50 டாலர் நஷ்டத்துக்கு 5 டாலர் திரும்பக் கிடைக்கிறது. அதுவும் முதலில் கியாஸ்கில் பதிவு செய்திருந்தால்தான். கூடுதல் பாயிண்ட் மறுநாள்தான் ஏறும், திட்டத்தில் மேல்நிலைக்குப் போவதற்கான தனிக் கணக்கான டியர் (tier) கிரெடிட்டில் அது சேராது. இவை மூன்றும் எங்களுக்குக் காட்டிய தாளில் சின்ன எழுத்தில் இருந்தன.

பரிசு நாள் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒரே நாளில் 250 பாயிண்ட் சேர்த்தால் ஏர் ஃப்ரையர். சித்தி ஆசையாகக் கேட்டார், “அது சும்மாவா தர்றாங்க?” 250 பாயிண்ட் என்றால் 1,250 டாலர் பந்தயம், சராசரி நஷ்டம் 125 டாலர். கடையில் அதைவிடக் குறைவான விலைக்கே நல்லதாக வாங்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். விட்டுவிட்டார்.

கேசினோ உங்களை மதிப்பிடுவது நீங்கள் உண்மையில் எவ்வளவு தோற்றீர்கள் என்பதை வைத்து மட்டும் அல்ல. பந்தயத் தொகை, ஆடிய வேகம், நேரம், அந்த ஆட்டத்தில் கேசினோவுக்குள்ள சாதக சதவீதம் எல்லாவற்றையும் பெருக்கி, நீங்கள் சராசரியாக இவ்வளவு தோற்பீர்கள் என்று ஒரு தொகை வைத்திருப்பார்கள். அதை ஆடிய நாட்களால் வகுத்து அடுத்த ஆஃபரை முடிவு செய்கிறார்கள். கார்டைச் செருகிப் பத்து நிமிடம் ஆடினாலும் அது ஒரு நாளாகக் கணக்கில் ஏறிச் சராசரியைக் கீழே இழுத்துவிடும். இந்த மாதிரியான கார்டுகள் 1980களில் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கின. 1998இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியராக இருந்த கேரி லவ்மன் ஹாராஸ் என்ற கேசினோ நிறுவனத்துக்கு வந்த பிறகுதான், வாடிக்கையாளர் தரவை வைத்து யாருக்கு எந்தச் சலுகை என்று முடிவு செய்வது இந்தத் தொழிலின் மையமாகவே மாறியது. மெயிலில் வரும் ‘உங்களுக்காகவே’ என்ற வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

ஊரிலிருந்து வருபவர்கள் விஷயத்தில் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ரிவார்ட்ஸ் டெஸ்கில் இருந்த பையன் என் கணவர் பெயரிலேயே இன்னொரு கார்டு அடித்து, “உங்கள் அங்கிளும் இதை வைத்தே ஆடட்டும், பாயிண்ட் சேரும்” என்று சித்தப்பா கையில் கொடுத்தான். அதே திட்டத்தின் விதியில், ஒருவர் கார்டை இன்னொருவர் பயன்படுத்தினால் பாயிண்ட்டைப் பறித்துக் கணக்கையே மூடலாம் என்று இருக்கிறது. ஜாக்பாட் விழுந்தால் யார் பெயரில் கார்டு என்று பார்க்க மாட்டார்கள், பட்டனை அழுத்தியவருக்குத்தான் பணம். அவர் விசிட்டர் விசாவில் வந்தவர் என்றால் ஸ்லாட் ஜாக்பாட்டில் 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். வெளிநாட்டவருக்கு பிளாக்ஜாக், ரூலெட் போன்ற சில மேசை ஆட்டங்களுக்கு இந்தப் பிடித்தம் இல்லை. நான் அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

பிளாக்ஜாக் ஆடுபவர்கள் மேசையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 3க்கு 2 என்ற மேசையில் 20 டாலர் பந்தயத்துக்கு 30 டாலர் கிடைக்கும். 6க்கு 5 மேசையில் 24தான். கேசினோவின் சாதகம் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் கூடிவிடுகிறது. எந்த ரிவார்ட்ஸ் கார்டும் அதை ஈடுகட்டாது.

நீங்கள் போவதாக இருந்தால் முழு விதிகளையும் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் சொல்வதை அவர்களே எழுத்தில் தர மறுத்தால், அந்தச் சலுகை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உணவகங்களின் பெயர், நாள், ஃப்ரீ பிளே கிடைக்கும் நேரம், ரிசார்ட் ஃபீ, பாயிண்ட் எத்தனை மாதத்தில் காலாவதியாகும் என்பதையெல்லாம் கேளுங்கள். பல திட்டங்களில் ஆறு மாதம் கார்டு பயன்படுத்தாவிட்டால் பாயிண்ட் போய்விடும்.

பிரச்சினை வந்தால், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் கேசினோக்களைக் கண்காணிக்கும் அமைப்பான நெவாடா கேமிங் கன்ட்ரோல் போர்டில் புகார் செய்யலாம். வெற்றிப் பணம் தராதது மட்டுமல்ல, சலுகைத் திட்டம் நடத்தப்பட்ட விதம் பற்றிய தகராறையும் விசாரிக்க மாநிலச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. 500 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட தகராறு தீராவிட்டால் கேசினோவே உடனடியாக போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால், புகார் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது சூதாட்டம் கையை மீறிப் போகிறது என்றால், இந்த மாதிரி மெயில்களை நிறுத்தச் சொல்லும் ஏற்பாட்டையும் கேசினோக்கள் வைத்திருக்க வேண்டும் என்று நெவாடா விதி இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

நான் எழுத்தில் புகார் அனுப்பியதற்கு ஹோட்டலிலிருந்து பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து, அடுத்த முறை வந்தால் 50 டாலர் ஃப்ரீ பிளே தருவதாகச் சொன்னார்கள். அதற்கும் 30 நாள் கெடு, அதற்கும் தனி விதிகள். எனக்கு அது வேண்டாம், வாக்குக் கொடுத்த உணவுக்கான 100 டாலரைக் கொடுங்கள் என்று திருப்பி எழுதியிருக்கிறேன். போன் செய்த தேதி, நேரம், அந்தத் தாளின் படம் எல்லாவற்றையும் போர்டுக்கும் அனுப்பிவிட்டேன்.