அரிசி எல்லோருக்கும், ஆயிரம் ரூபாய் தகுதி பார்த்து: எது நியாயம்?

1997இல் மத்திய அரசு ரேஷன் பயனாளிகளை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்தது. அரிசி அட்டை இருந்தால் போதும், வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை நேர்மாறானது. மாதம் 1,000 ரூபாய், தகுதி பார்த்துத்தான்.

எல்லோருக்கும் கொடுத்தால் பணக்காரர்களும் வாங்குவார்களே என்பது பழைய கேள்வி. ரேஷனில் அந்தக் கவலை பெரிதில்லை. வரிசையும் அரிசியின் தரமும் வசதியுள்ளவர்களைத் தாமாகவே விலக வைக்கின்றன. அவர்கள் சர்க்கரை அட்டைக்கோ பொருளில்லா அட்டைக்கோ மாறிக்கொள்ளலாம். உண்மையான ஓட்டை வேறு இடத்தில்: அட்டைதாரர் வாங்காத அரிசி அவர் பெயரில் பில் போடப்பட்டு வெளியே போகிறது. அதை அடைக்க வந்த விரல்ரேகைப் பதிவோ, ரேகை தேய்ந்த முதியவர்களையும் கூலித் தொழிலாளர்களையும் திணறடிக்கிறது.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான இலவசப் பயணமும் இதே வகைதான். கார் வைத்திருப்பவர் அதில் ஏறுவது அரிது. ஆனால் டவுன் பஸ் வராத ஊருக்குப் பயனில்லை.

ரொக்கம் அப்படியல்ல. கணக்கில் தானாக வந்து விழும் பணத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே வடிகட்டல் தேவை. சிக்கல் எதைக்கொண்டு வடிகட்டுகிறோம் என்பதில். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவை விதிகள். முதல் கட்டத்தில் சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி ஏற்கப்பட்டன.

இவற்றில் எனக்கு மிகவும் உறுத்துவது மின்சார அளவுகோல். 3,600 யூனிட் என்றால் இரு மாத பில்லுக்கு 600. ஒரே மீட்டரில் இரண்டு வாடகைக் குடும்பங்கள் தலா 350 யூனிட் செலவழித்தால் மீட்டர் 700 காட்டும். இரண்டுமே ஏழைக் குடும்பங்கள், இரண்டுக்குமே சிக்கல். வருமான வரம்பும் செங்குத்துச் சரிவு: 2.49 லட்சம் சம்பாதிக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், 2.51 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. தினக்கூலிக்காரரின் வருமானத்தை அவ்வளவு துல்லியமாக யார் அளப்பது?

நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றது விதி. அதாவது ஏழையே அலைந்து நிரூபிக்க வேண்டும். அதைவிட, வருமான வரி, ஜிஎஸ்டி, அரசு ஊதியம், வாகனப் பதிவு என அரசிடம் ஏற்கெனவே உள்ள பதிவுகளை வைத்து வசதியானவர்களை மட்டும் நீக்கிவிட்டு, மீதி அனைவருக்கும் கொடுப்பதே நியாயம். மின் அளவை வைத்தே தீர வேண்டுமென்றால், அந்த மீட்டரில் இருக்கும் குடும்ப அட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கட்டும்.