காசிமேட்டுத் துருவும் பெயிண்டும்: மேக்ரோ படங்களுக்குப் போட்ட ஃபிரேம்கள் எப்படித் தாங்கின

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் துருவையும் உரிந்த பெயிண்டையும் மேக்ரோ லென்ஸில், அதாவது மிக நெருங்கிப் பெரிதாக்கி எடுத்த 12 படங்கள் என்னிடம் உள்ளன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பழைய பெயிண்டைச் சுரண்டுவார்கள். அப்போது நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சிவப்பு என்று அடுக்கடுக்காக வெளியே வரும். புதுப் பெயிண்ட் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். இந்தப் படங்களைச் சில வருடங்களாகக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, இரண்டுக்கும் நடுவில் சென்னை வீட்டிலேயே வைத்திருக்கிறேன். ஃபிரேமுக்குள் போட்ட ஒவ்வொரு பொருளும் எப்படித் தாங்கியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அளவு. முகத்தையோ மரத்தையோ எடுத்த படம் என்றால் பார்ப்பவருக்கு அதன் உண்மையான அளவு தெரியும். துருவின் ஒரு துணுக்குக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. வானத்திலிருந்து எடுத்த பாலைவனம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது பொருளின் அசல் அளவே சென்சாரில் விழும்படி எடுத்தால் படத்துக்குள் வருவது 36 மி.மீ. அகலம்தான். அதை 45 செ.மீ. அகலத்தில் அச்சடித்தால் பொருள் 12.5 மடங்கு பெரிதாகிறது. எனக்கு அதுவே போதும் என்று பட்டது. 1:1-இல் லென்ஸ் துவாரத்தை எஃப் 8 வரை சுருக்கினாலும் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். பல ஃபோகஸில் எடுத்து அடுக்கிச் சேர்த்த படமாக இருந்தாலும், மீட்டர் கணக்கில் பெரிதாக்கும்போது சேர்த்த இடங்கள் கண்ணில் படும். அதைவிட முக்கியமாக, பெரிய படத்தைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 45 செ.மீ. படத்துக்குக் கிட்டே வந்து குனிகிறார்கள்.

அதனால் படத்தைச் சின்னதாக வைத்துச் சுற்றிலும் வெள்ளை மவுண்ட்டை (படத்தைச் சுற்றி வரும் அட்டை) அகலமாக விட்டேன். மூன்று பக்கம் 9 செ.மீ., கீழே 10 செ.மீ. ஃபிரேமின் உள்ளளவு 63 × 49 செ.மீ. நான் போகும் ஃபிரேம் கடையில் பெரும்பாலும் சாமி படமும் கல்யாணப் படமும்தான். கடைக்காரர் அளவைப் பார்த்துவிட்டு, “சார், மவுண்ட்டைக் குறைச்சிட்டா படத்தை இன்னும் பெருசாப் போடலாமே” என்றார். “அண்ணே, படம் சின்னதா இருந்தாத்தான் ஆளுங்க கிட்ட வருவாங்க” என்றேன். ஒரு ஃபிரேமை முடித்துச் சுவரில் சாய்த்த பிறகு அவரே தள்ளி நின்று பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். மெரூன் மவுண்ட், தங்கக் கோடு எல்லாம் எடுத்துக் காட்டினார். நிறம் ஏற்கெனவே இந்தப் படங்களுக்குள் நிறைந்திருப்பதால் வெளியே வேறு நிறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு. ஹானெம்யூல என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் தாளில் அச்சடித்தேன். முழுக்கப் பருத்தி, பளபளப்பில்லாத மேட் பரப்பு. பளீர் வெள்ளை மவுண்ட் போர்டுக்குப் பக்கத்தில் இந்தத் தாள் லேசாக மங்கித் தெரியும், படத்தின் வெளிச்சமான இடங்களெல்லாம் அழுக்கடைந்ததுபோல ஆகிவிடும். அதனால் கொஞ்சம் மஞ்சள் கலந்த, அமிலமற்ற பருத்தி போர்டாக எடுத்தேன். சாதாரண போர்டு 1.5 மி.மீ. கனம், நான் வாங்கியது 3 மி.மீ. உள்விளிம்பை 45 டிகிரி சரிவாக வெட்டும்போது மெல்லிய நிழல் கிடைக்கிறது, படத்துக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவில் இடைவெளியும் விழுகிறது. ஈரக்காற்றுள்ள ஊரில் அச்சு கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிறகு சேதமில்லாமல் பிரிக்க முடியாது. இத்தனை வருடத்தில் ஒரு படமும் ஒட்டவில்லை, மவுண்ட்டும் பழுப்பேறவில்லை. இந்தத் தொடரில் செலவழித்த பணத்தில் நான் முழு மனதோடு கொடுத்தது இந்த போர்டுக்குத்தான்.

முன்பக்கத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் நிறைய யோசித்தேன். ஒன்றுமே போடாமல் திறந்து வைக்கலாம் என்பார்கள். இந்தப் படங்களுக்கு அது சரிவராது. துருவைப் பார்த்ததும் சொரசொரப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள், பெரியவர்கள்கூட. மேட் தாளில் ஒரு விரல் பட்டாலே பளபளப்பான தடம் விழும். சாதாரணக் கண்ணாடி விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெளிர் நீலப் படத்தில் அது பெரிதாகத் தெரியாது, கரும்பழுப்புத் துருவில் பார்ப்பவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார். பலரும் பரிந்துரைக்கும் மேட் கண்ணாடியை இந்த வேலைக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன். அது ஒளியைச் சிதறடித்துத்தான் எதிரொளிப்பைக் குறைக்கிறது. மவுண்ட்டின் இடைவெளியால் படம் கண்ணாடியிலிருந்து தள்ளி இருக்கும்போது நுண்ணிய விரிசல்களெல்லாம் கலங்கிவிடுகின்றன. மேக்ரோ படத்தில் அந்த விரிசல்களும் போனால் பார்க்க வேறென்ன இருக்கிறது?

கடைசியில் 3 மி.மீ. தெளிந்த அக்ரிலிக் போட்டேன். இந்த அளவுக்குக் கண்ணாடி என்றால் ஃபிரேம் ஒன்றுக்கு 2.3 கிலோ வரும், அக்ரிலிக் 1.1 கிலோதான். 12 ஃபிரேமை மாடியேற்றும்போது இந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும். ஒன்றும் உடையவில்லை. கீறல் மட்டும் விழுந்திருக்கிறது, அதுவும் துடைக்க வந்தவர்கள் கையில் கிடைத்த துணியால் துடைத்ததால். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் மைக்ரோஃபைபர் துணி வைத்து, அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம் என்று சீட்டும் ஒட்டிவிடுகிறேன். மிகவும் கருமையான நான்கு படங்களுக்கு மட்டும் பிரதிபலிப்பு குறைந்த பூச்சுள்ள அக்ரிலிக்காக மாற்றினேன். விலை பல மடங்கு. ஆனால் கூடத்தின் டியூப்லைட் அந்த நான்கில் மட்டும் காணாமல் போகிறது. அதைப் பார்த்த பிறகு மற்ற எட்டையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் விடவே இல்லை.

ஃபிரேம் தேக்கு, முகப்பு 2 செ.மீ., கரிநிறச் சாயம். இயற்கை நிறத் தேக்கு நாளாக ஆகப் பழுப்பேறித் துருவின் நிறத்தோடு போட்டி போடும். நண்பர் ஒருவரின் சிந்தடிக் மோல்டிங் ஃபிரேம்கள் வேன் பயணங்களில் மூலை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். என் தேக்கு ஃபிரேம்களின் மூலைகள் இன்னும் விரல் நகம் நுழையாத அளவுக்கு இறுக்கம். கரையானும் தொடவில்லை.

சென்னையில் ஃபிரேமின் பின்பக்கம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுவரே ஈரம் கசியும். வழக்கமாக அடிக்கும் ஹார்ட்போர்டு அந்த ஈரத்தைக் குடித்து வளையும், அதிலுள்ள அமிலமும் மெல்லத் தாளுக்கு ஏறும். அதற்குப் பதிலாகப் பெயர்ப்பலகைக் கடையில் கிடைக்கும் 3 மி.மீ. ஏசிபி ஷீட்டை (இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த பலகை) வெட்டிப் போட்டு, அதற்கும் படத்துக்கும் நடுவில் அமிலமற்ற போர்டு ஒன்று வைத்தேன். அலுமினியம் ஈரத்தை உள்ளே விடுவதில்லை. கீழ் மூலைகளில் ரப்பர் புஷ் ஒட்டியிருப்பதால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் காற்று ஓடுகிறது. சமீபத்தில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். பூஞ்சை இல்லை, வெள்ளிப்பூச்சி இல்லை. படத்தை மேல்விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு தொங்கவிட்டிருப்பதால் தாள் விரிந்து சுருங்க இடமிருக்கிறது, அலை விழவில்லை.

அப்புறம், பின்னால் பெரிய அம்புக்குறியும் வரிசை எண்ணும் கட்டாயம். அருவப் படத்தில் மேல் எது கீழ் எது என்று மாட்டுபவருக்கு எப்படித் தெரியும்? ஒரு கூடத்தில் இரண்டு படங்கள் தலைகீழாகத் தொங்கின. படத்தின் மையம் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும் என்றும் அங்கேயே எழுதிவிடுகிறேன்.

பெயர்ச்சீட்டில் கவித்துவமான தலைப்பு எதுவும் வைப்பதில்லை. உரிந்த பெயிண்டையும் சுவர்களையும் 1940களிலிருந்து எடுத்த அமெரிக்கர் ஆரோன் சிஸ்கிண்ட் தன் படங்கள் பலவற்றுக்கு ஊர்ப் பெயரும் எண்ணும்தான் கொடுத்தார். நானும் காசிமேடு, எண், வருடம் என்று போட்டு, நான்காவதாக ஒன்று சேர்க்கிறேன்: “அசல் அகலம் 36 மி.மீ.” அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் மறுபடி படத்துக்கே போகிறார்கள். அடுத்த தடைக்காலத்தில் எடுக்கப்போகும் படங்களுக்கும் இதே உள்ளளவு, இதே மோல்டிங், இதே ஏசிபி. கருமையான படங்களுக்கு மட்டும் பூச்சுள்ள அக்ரிலிக்கை அச்சுக்குக் கொடுக்கும்போதே ஆர்டர் செய்துவிடுவேன், அது வந்து சேர நாளாகும்.