பிக்கப்பில் நான்கைந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தால்: டாங்கிளா, மல்டிமீட்டரா, ஸ்கேனரா, கம்பெனி சர்வீஸா?

ஓசூர்ப் பக்கமிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு பெங்களூரு கலாசிபாளையம் சந்தைக்கு வரும் பிக்கப் வண்டிகளில் செக் எஞ்சின், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), பேட்டரி, ஏர்பேக் விளக்குகள் ஒரே நேரத்தில் எரியத் தொடங்கினால், வண்டிக்காரர் அவற்றை நான்கு பழுதுகளாக எண்ணி, நான்கு செலவுகளாகக் கணக்குப் போட்டுவிடுகிறார். உண்மையில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பாகங்கள் ஒரே நிமிடத்தில் கெட்டுப்போவது அரிது. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான மின்சாரமோ, எர்த்தோ (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி), வண்டிக்குள் இருக்கும் சிறு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒயரோ கெட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பழுதைக் கண்டறிய நமக்கு இருக்கும் நான்கு வழிகளையும் இந்தக் கண்ணோட்டத்திலேயே ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பீட்டுக்கு முன் ஒரு விலக்கு. எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் விளக்கோ வெப்ப விளக்கோ சிவப்பாக எரிந்தால் இந்த நான்கில் எதையும் தேடக்கூடாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். பேட்டரி விளக்கும் வெப்ப விளக்கும் சேர்ந்து வந்தால் முதலில் ஃபேன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும், ஏனெனில் பல வண்டிகளில் டைனமோவையும் வாட்டர் பம்பையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். டைனமோவின் பின்புறத்திலேயே பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் பொருத்தப்பட்ட டீசல் வண்டியென்றால், பெல்ட் அறுந்த சற்று நேரத்தில் பிரேக் பெடலும் கல்லாகிவிடும். பாரத்தோடு அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைப்பது ஆபத்து.

கைபேசியோடு புளூடூத்தில் இணையும் சிறு டாங்கிள், அதாவது இஎல்எம் 327 வகைக் கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இது பொது நெறிமுறைப்படி எஞ்சின் கணினி தரும் ‘பி’ (P) வரிசைப் பழுதுக் குறியீடுகளை நன்றாகப் படிக்கும். பழுது பதிவான நொடியில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் ஓடியது என்பதையும் பெரும்பாலும் காட்டும். ஆனால் ஏபிஎஸ், ஏர்பேக் கணினிகளின் குறியீடுகளைப் படிக்க வண்டித் தயாரிப்பாளரின் தனி நெறிமுறை வேண்டும் என்பதால், பல விளக்குகள் எரியும் வண்டியில் இக்கருவி பாதிக் கதையைத்தான் சொல்லும். செக் எஞ்சின் மட்டும் எரிந்தால் இது போதுமானது. கூட்டமாக எரிந்தால் இதை மட்டும் நம்பி சென்சார் வாங்க, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்குப் போவது வீண் செலவு.

ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கும், வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர் எந்தக் குறியீட்டையும் படிக்காது. ஆனாலும் இந்த நான்கில் முதலிடம் அதற்கே என்பேன். 12 வோல்ட் பிக்கப்பில், இரவெல்லாம் நின்ற நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8-க்கும் 14.4-க்கும் இடையே நிற்க வேண்டும். அடுத்து, ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையில் துருவோ தளர்ச்சியோ இருக்கிறது. சேஸிஸிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். பிக்கப்புகளில் இது முக்கியமாவதற்குக் காரணம், வாங்கிய பிறகு பின்னால் பாடி கட்டுவதும், எர்த் போல்ட்டின் மேலேயே பெயின்ட் அடிப்பதும், கூடுதல் எல்.இ.டி. விளக்குகளுக்குக் கண்ட இடத்தில் ஒயரைக் கிள்ளி இணைப்பு எடுப்பதும்தான். அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறக்கும் முன்பே, “அண்ணே, கடைசியா எப்ப பாடியில வெல்டிங் அடிச்சீங்க?” என்று கேட்பது வெட்டிப் பேச்சல்ல, பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால் கணினிகளே பாதிக்கப்படலாம்.

டாங்கிளும் மீட்டரும் சேர்ந்தால் இன்னொரு சோதனை கைகூடும். எஞ்சின் ஓடும்போது எஞ்சின் கணினிக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்பதைப் பல வண்டிகளில் டாங்கிளின் நேரடித் தரவில் பார்க்கலாம். அதே நேரத்தில் பேட்டரியில் மீட்டர் வைத்து, இரண்டுக்கும் அரை வோல்ட் அல்லது ஒரு வோல்ட் வித்தியாசம் இருந்தால், பேட்டரியையும் டைனமோவையும் விட்டுவிட்டு இடையிலுள்ள ஒயர், ரிலே, எர்த் ஆகியவற்றைத் தேடலாம்.

ஷெட்டுகளில் இருக்கும் பல பிராண்ட் ஸ்கேனர், டாங்கிள் விட்ட இடத்தை நிரப்புகிறது. அது சேஸிஸுக்குரிய ‘சி’ (C), பாடிக்குரிய ‘பி’ (B), தகவல் தொடர்புக்குரிய ‘யு’ (U) வரிசைகளையும் படிக்கும். ஆங்கிலத்தில் வெவ்வேறான இரு எழுத்துகள் தமிழில் ஒரே ‘பி’யாக ஒலிப்பதால், குறியீட்டைக் காதால் கேட்டுக்கொள்ளாமல் திரையைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. ‘யு’ வரிசை வந்தால், புகார் சொல்லும் கணினியை விட்டுவிட்டு, புகார் சொல்லப்படும் கணினியைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, யு0121 என்பது ஏபிஎஸ் கணினியின் பேச்சு நின்றுவிட்டதாக மற்றொரு கணினி தரும் அறிக்கை. ஒரு ஃப்யூஸ் போனாலே இது வரும். சக்கர வேகம் ஏபிஎஸ் வழியாக வரும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் முள்ளும் அதனால் படுத்துவிடும். பி0562 (P0562), அதாவது மின்னழுத்தக் குறைவு, பட்டியலில் எங்கிருந்தாலும் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும், ஏனெனில் மற்றவை அதன் விளைவாக இருக்கக்கூடும்.

மழைநீர் தேங்கிய சாலையில் சென்று வந்தபின் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், சக்கர சென்சாரை மாற்றுவதற்கு முன் அதன் கப்ளரை (ஒயர் இணைப்பை) கழற்றி, ஈரமும் பச்சைப் பூப்பும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். சந்தையருகே இரவில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த ஒயரும் இதே கோலத்தைக் காட்டும். ஸ்கேனர் குற்றம் சாட்டும் சுற்றைத்தான் சொல்லும். அந்தச் சுற்றில் கெட்டது சென்சாரா ஒயரா என்பது மறுபடியும் மீட்டரின் வேலை. எல்லாக் கணினிகளும் ஒன்றையொன்று காணவில்லை என்றால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் சொருகும் 16 முனைத் துளையில் 6-க்கும் 14-க்கும் இடையே அளக்கலாம். இடையில் கேட்வே (துளைக்கும் மற்ற கணினிகளுக்கும் நடுவே நிற்கும் கணினி) இல்லாத வண்டியில் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை நெருங்கினால் இரண்டு ஒயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கம்பெனி சர்வீஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாரண்டி உள்ள வண்டி, ஏர்பேக் பழுது, புதிய கணினிக்கு மென்பொருள் ஏற்றுவது ஆகிய மூன்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். பழைய வண்டிக்கு அங்கே போகும்போது, முன்பு கட்டிய பாடியையும் சேர்த்த ஒயரையும் மறைக்காமல் சொல்வது நல்லது. மறைத்தால், ஒயரைத் தேட மனமில்லாமல் முழு ஒயர்த் தொகுப்பையே மாற்றச் சொல்வதற்கு நாமே வழி வைத்தவர்களாகிறோம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், குறியீடுகளைக் குறித்துக்கொள்ளும் முன் அவற்றை அழிக்கவோ, “ரீசெட் ஆகட்டும்” என்று பேட்டரியைக் கழற்றவோ விடக்கூடாது. அழிக்கும்போது, பழுது பதிவான நொடியின் விவரமும் சேர்ந்தே போய்விடும். விளக்குகள் இரண்டு நாள் அணைந்திருந்து, திரும்ப எரியும்போது தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.