சத்தத்தை முன்னால் தள்ளும் காம்பன்சேட்டர்: ஐந்து வருடம் வைத்திருந்து பார்த்ததில்

அக்கா மகன் துக்ளகாபாத் கர்னி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் .22 என்கிற சின்னத் தோட்டா ரைபிள் பழகுகிறான். போன வாரம் மயூர் விகாரில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், "மாமா, சத்தத்தை முன்பக்கமா திருப்பி விடுற காம்பன்சேட்டர் போட்டா காதுக்கு நல்லதாமே?" என்று கேட்டான். டெல்லிக்கு வருவதற்கு முன், ஹூஸ்டனில் இருந்தபோது, அதைவிட வலுவான தோட்டா சுடும் என் .223 ரைபிளில் ஐந்து வருடம் அந்தக் காம்பன்சேட்டரைத்தான் வைத்திருந்தேன்.

அவன் கேட்ட லீனியர் காம்பன்சேட்டர் என்பது குழல் முனையில் திருகி மாட்டுகிற கெட்டியான உலோக உறை. வெடித்து வரும் வாயுவைப் பக்கவாட்டில் சிதறவிடாமல் நேரே முன்னால் அனுப்பும். சத்தத்தின் திசைதான் மாறும், அளவு குறையாது. பலர் இதைச் சைலன்சர் என்றே நினைத்து வாங்குகிறார்கள்.

அதற்கு முன் என்னிடம் இருந்தது மசில் (muzzle) பிரேக், அதே குழல் முனையில் மாட்டும் இன்னொரு வகை. தோளில் உதை குறையும், ஆனால் வாயு இரண்டு பக்கமும் பீறிடும். கூரை போட்ட ரேஞ்சில் நான் சுடும் ஒவ்வொரு முறையும் பக்கத்து மேஜையில் இருக்கும் இலக்குத் தாள் படபடத்து எழும்பும். அங்கே உட்கார்ந்திருப்பவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். காம்பன்சேட்டர் மாட்டிய அன்று அந்தத் தாள் அசையவே இல்லை. என் நெற்றியில் வந்து மோதும் அதிர்வும் போய்விட்டது. கொடுத்த காசுக்கு இது ஒன்றே போதும். உதை மட்டும் பழையபடி வந்துவிட்டது. மாட்டியதும் குண்டு விழும் இடம் கொஞ்சம் நகர்ந்ததால் ஜீரோவும், அதாவது குறி பார்க்கும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்வதும், மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

சரி, காதுக்கு வருவோம். .223 சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் போனால் ஒரே வெடி கூடக் காதைக் கெடுக்கலாம். திசை திருப்புவதில் சுடுபவன் காதுக்கு வருவது குறைவது சொற்பம். ஒலியை மிஞ்சிப் பறக்கும் குண்டு போகிற வழியெல்லாம் எழுப்பும் 'படார்' சத்தத்தை முனையில் எதை மாட்டினாலும் தடுக்க முடியாது. இரண்டாம் வருடம் திறந்தவெளியில், காம்பன்சேட்டர்தான் இருக்கிறதே என்று இயர் மஃபை (காதை மூடும் கவசத்தை) கழற்றிவிட்டு மூன்று குண்டு சுட்டேன். இன்றும் இரவில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் இடது காதில் 'ஙொய்' என்று ஒரு கம்பி இழுக்கிற ஓசை. வலது தோளில் வைத்துச் சுடுபவனுக்கு முனைப் பக்கம் திரும்பியிருப்பது இடது காதுதான்.

மருமகனுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி ரைபிளில் காம்பன்சேட்டருக்கும் மசில் பிரேக்குக்கும் தடை. ஆனால் .22 சின்னச் சத்தம்தானே என்று அவன் வெறும் மஃபைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பயமாக இருக்கிறது. கூரைக்கு அடியில் பக்கத்தில் சுடுபவர்களின் சத்தமும் சேர்ந்துதான் வரும். காதுக்கு உள்ளே அடைக்கும் பிளக், மேலே மஃப் என்று இரண்டும் போட்டால் இன்னும் ஐந்து டெசிபல் போலக் குறையும்.

அன்றைக்கே உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தேன். நுரை பிளக்கை விரலில் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பி நிறையும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். மூன்றாம் தடவை சரியாக உட்கார்ந்தது. அடுக்களையில் இருந்து அக்கா கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை.