தொங்கும் தாடைக்கு எது: அல்ட்ராசவுண்டா, ரேடியோ அலையா, நூலா?

கண்ணாடி முன் நின்று கன்னத்தை இரண்டு விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பாருங்கள். லேசாக இழுத்தாலே தாடைக்கோடு சரியாகிவிட்டால், கீழே சொல்பவை உங்களுக்கு உதவலாம். தோலைக் கொத்தாகப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் எந்த மெஷினும் அந்த வேலையைச் செய்யாது. அது அறுவை சிகிச்சையின் பேட்டை.

உண்மையான போட்டி அல்ட்ராசவுண்டுக்கும் ரேடியோ அலைக்கும்தான். இரண்டும் தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதமான பழைய கொலாஜனைச் சூட்டால் சுருக்கி, புதியதை வளரத் தூண்டுகின்றன. குவிந்த அல்ட்ராசவுண்டு மேல்தோலைத் தொடாமல் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களில் புள்ளி புள்ளியாகச் சுடும். முகத்தூக்கு அறுவையில் இறுக்கிக் கட்டும், முகத் தசைகளை மூடிய அதே உறையை 4.5 எட்டிவிடுகிறது. அதனால் தாடைக்கும் தாடையடிக்கும் என் ஓட்டு இதற்கே. ஆனால் எலும்புக்கு மேலே வரும்போது வலிக்கும், நன்றாகவே வலிக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஏற்கெனவே ஒட்டிய கன்னம் என்றால் யோசிக்க வேண்டும்: சூடு கொழுப்பில் விழுந்தால் முகம் இன்னும் வற்றிப்போகலாம்.

ரேடியோ அலையின் சூடு பெரும்பாலும் தோலுக்குள்ளேயே நிற்கிறது. தொய்வைவிடச் சுருக்கமும் மெலிவும் அதிகமுள்ள தோலுக்கு இது பொருந்தும். லேசரைப் போல நிறமியைத் தேடிப் போகாததால் கறுத்த தோலுக்கும் பயம் குறைவு. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு வேண்டாம். ஊசிகளோடு சேர்த்துச் செய்யும் வகைக்கு வேகம் அதிகம், ஆபத்தும் அதிகம். தீக்காயம், தழும்பு, கொழுப்பிழப்பு, நரம்புச் சேதம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 அக்டோபரில் இதைப் பற்றி எச்சரித்தது.

தோலுக்கடியில் நூலைச் செலுத்தி முகத்தை இழுத்துத் தூக்கும் விஷயத்தில் எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை. செய்து முடித்து எழுந்ததும் முகம் தூக்கித் தெரியும், அந்த மகிழ்ச்சி நிஜம். ஆனால் இதற்குப் பரவலாகப் பயன்படும் பிடிஓ என்ற நூல் ஆறு மாதம் போலக் கரைந்துவிடும், தூக்கலும் ஓராண்டுக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். இடையில் குழி விழலாம், நூல் விரலுக்குத் தட்டுப்படலாம்.

அப்புறம் ஊசி மருந்துகள். கழுத்தில் செங்குத்தாக நிற்கும் கயிறுகள் தோலே அல்ல, தசை. அதற்குத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ்தான், எஃப்டிஏ 2024-இல் ஒப்புதல் தந்தது, பலன் மூன்று நான்கு மாதம். தாடையடிக் கொழுப்பைக் கரைக்கும் டீஆக்ஸிகோலிக் அமிலத்தைத் தொய்ந்த தோலுக்குப் போட்டால், உள்ளிருந்த பஞ்சை எடுத்த உறை போல அது இன்னும் தொங்கலாம்.